ஈசானிய மூலை வாசல்

ஒரு விடுகதை போடுகிறேன், தம்பி. விடை சொல்லுங்கள் பார்க்கலாம்.

வாசல் வைத்துக் கட்டிய பக்கம் வருவார் இல்லை. வாசலே இல்லாத பக்கம் ஊரே உள்ளே. அது என்ன?

எறும்புப் புற்றா? இல்லை. தேன்கூடா? அதுவும் இல்லை. யோசித்துக்கொண்டே இருங்கள், பஸ் கரூர் போய்ச் சேர இன்னும் பொழுது இருக்கிறது. நான் கோழிமுட்டை என்று சொன்னேன். "தப்புப்பா, தப்பு" என்று கைதட்டிச் சிரித்தாள் என் மகள். விடுகதையை என்னிடம் போட்டதே அவள்தான். தன்ஷிகா என்று பெயர், ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "எல்லாப் புள்ளைகளும் சொல்றாங்கப்பா" என்றாள். எல்லாப் பிள்ளைகளும் சொல்லிச் சிரிக்கிற அளவுக்கு என் பிழைப்பு வந்துவிட்டது. தூ.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் இழுத்து விடுங்கள், தம்பி. இந்த மேல்காற்றுக்கும் எனக்கும் ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் வெள்ளியம்பாளையம் நகராட்சியில் கவுன்சிலர். அதாவது, கவுன்சிலர் என் வீட்டுக்காரி கோகிலவாணி. எங்கள் வார்டு பெண்கள் வார்டாகிவிட்டது, அதனால் அவள் பெயரில் நின்றோம். ஓட்டுக் கேட்டது நான், ஜெயித்தது நான், மாலை விழுந்தது மட்டும் அவள் கழுத்தில். ஊரில் யாரைக் கேட்டாலும் 'கவுன்சிலர் குழந்தைவேலு' என்றுதான் சொல்வார்கள். அவள் கையெழுத்துப் போடுவாள், நான் வேலை செய்வேன். ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் வார்டில் ரெண்டு பக்கம் உண்டு. வடக்கே காமாட்சி நகர், அங்கேதான் என் வீடு. தெற்கே புதுக் குடியிருப்பு. வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருந்த சனங்களுக்கு அரசாங்கம் மாடிமாடியாக வீடு கட்டிக் கொடுத்தது. நடுவில் நகராட்சிப் புறம்போக்கு நிலம். அதில்தான் ஒரு பூங்கா கொண்டுவந்தேன். சறுக்கு, ஊஞ்சல், சீசா, நடக்கப் பாதை, சாயங்காலம் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஒரு படிப்பகம், எல்லாம் நகராட்சிப் பணம். இதற்காக எத்தனை பேர் வீட்டு வாசலில் நின்றிருப்பேன், எவனெவனுக்கோ சிரித்திருப்பேன். நினைத்தாலே வாய் கசக்கிறது.

ப்ளானில் வாசலைத் தெற்கே, மேற்கு ஓரமாகப் போட்டிருந்தான் இன்ஜினியர். தென்மேற்கு. கன்னி மூலை! கன்னி மூலையில் எவனாவது வாசல் வைப்பானா, தம்பி? மாட்டுக்கொட்டாய்க்குக்கூட வைக்க மாட்டான். வாஸ்து பார்க்கிற ஈஸ்வரமூர்த்தியிடம் ப்ளானைக் காட்டினேன். பார்த்த உடனே மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

"கட்டுனவன் குடும்பத்துக்கு ஆகாதுங்க" என்றார்.

"பூங்கா நகராட்சியோடது, நம்மளோடது இல்லீங்களே."

"கல்வெட்டுல யார் பேருங்க வருது?"

கல்வெட்டில் என் வீட்டுக்காரி பெயரும், பக்கத்தில் என் பெயரும் வருகிறது. அதற்கு மேல் நான் என்ன பேச முடியும்? வாசலைத் தூக்கி ஈசானிய மூலையில் வைக்கச் சொன்னேன். வடகிழக்கு. அது தற்செயலாக என் வீட்டுக்கு நேர் எதிரே வந்தது. தற்செயல்தான் தம்பி, திசைக்கு நான் என்ன செய்வது?

இன்ஜினியர் முனகினான். "சார், இது சாங்ஷன் ஆனதே அந்தக் குடியிருப்புக்குத்தான். அங்க ஓடி விளையாட ஒரு கையகலம் இடம் கெடையாது. உங்க பக்கம் எல்லா வீட்டுலயும் தோட்டமே இருக்குது."

"அவங்களும் வரட்டுமே, யாரு வேண்டாம்னது? சுத்தி வரட்டும். நடந்தா ஒடம்புக்கு நல்லதுதானே" என்றேன்.

சுற்றி வருவதென்றால் தாராபுரம் ரோட்டு வழியாக வர வேண்டும். ஜல்லி லாரிகள் போகிற ரோடு. கொஞ்சம் வேகமாகத்தான் போவான்கள். பெரியவர்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தால் என்ன ஆகிவிடும்? பெற்றவர்களுக்கு அந்த அக்கறைகூட இல்லை என்றால், அதற்கு நகராட்சியா பொறுப்பு?

பூங்கா ஆனியிலேயே முடிந்துவிட்டது. ஆடி பிறந்துவிட்டதால் திறக்கவில்லை. ஆடியில் யாராவது திறப்பு விழா வைப்பார்களா? ஆவணி முதல் முகூர்த்தத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டைப் பூட்டினேன். சாவி என்னிடம். எங்கள் தெருக்காரர்கள் காலையிலும் சாயங்காலமும் நடக்க மட்டும் திறந்து விடுவேன். சும்மா நடக்கத்தானே, அது திறப்பு ஆகாது. படிப்பகம் காலியாகக் கிடந்தது, கட்சி ஆபீஸ் நாற்காலிகளையும் ஃப்ளெக்ஸ்களையும் அதில் போட்டு வைத்தேன். வெயிலில் வீணாகப் போகக்கூடாது பாருங்கள்.

ஒரு நாள் காலையில் நடக்கிறேன், தெற்குச் சுவரின் கோடியில் ஒரு ஓட்டை. ஹாலோபிளாக் கல்லைப் பெயர்த்து எடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் குனிந்து நுழைகிற உயரம். அதுவும் எங்கே? இன்ஜினியர் முதலில் வாசல் போட்டானே, அதே கன்னி மூலையில்! எனக்கு வயிறு எரிந்தது. அரசாங்கம் வீடு கட்டிக் கொடுக்கிறது, பூங்கா கட்டிக் கொடுக்கிறது, இவர்கள் சுவரை இடிக்கிறார்கள். சே, என்ன சனங்கள்!

மேஸ்திரியைக் கூப்பிட்டு அடைக்கச் சொன்னேன். அடைத்தான். ரெண்டு நாள் நின்றது, பழையபடி ஓட்டை. மறுபடி அடைத்தான், மறுபடி ஓட்டை. "காத்துல சிமெண்டு புடிக்க மாட்டேங்குதுங்க" என்றான். நல்ல மேஸ்திரி, பொய் சொல்கிறவன் இல்லை. அந்தக் குடியிருப்பில்தான் இருக்கிறான், ரெண்டு பிள்ளைகள் அவனுக்கு. வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்டுப் பார்த்தேன். அதை அடுப்புக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது.

எங்கள் தெருச் சாக்கடையைத் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். கறுப்பாக, கொழகொழவென்று, புழு நெளிகிற சேறு. எட்டிப் பார்த்தாலே குடல் புரளும். தூய்மைப் பணி பார்க்கிற ராசாமணி தள்ளுவண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் குடியிருப்புதான்.

"ராசாமணி, இதைய ஊருக்கு வெளிய குப்பைமேட்டுக்கெல்லாம் கொண்டு போக வேண்டாம். பூங்காவோட தெக்குச் செவுத்துல ஓட்டை இருக்குதில்ல, அங்க உள்பக்கமாக் கொட்டீரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அங்கயா? அதுல புள்ளைக வருதுகளேங்கய்யா."

"வரக்கூடாதுன்னுதான் கொட்டச் சொல்றேன்."

"எம்புள்ள பவித்ராவும் அதுலதானுங்க வருது."

"அப்ப நீ உம்புள்ளைக்குச் சொல்லி வெச்சுக்க. மத்தவங்களுக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி ஆச்சு."

வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். சொன்ன இடத்தில் கொட்டினாள். வேலை என்றால் சொன்னபடி செய்வாள், அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

தம்பி, அன்றைக்குச் சாயங்காலம் காற்று எழுந்தது பாருங்கள். எங்கள் பக்கம் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிளம்பி, தென்மேற்கிலிருந்து வடகிழக்கே, நூல் பிடித்த மாதிரி அடிக்கும். கன்னி மூலையில் கிடந்த நாற்றம் பூங்காவைத் தாண்டி, ஈசானிய மூலைக் கேட்டுக்குள்ளே புகுந்து, நேராக என் வீட்டு நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்தது. சோற்றில் நாறுகிறது. துவைத்த வேட்டியில் நாறுகிறது. பூஜை அறையில் சாம்பிராணி போட்டால் சாம்பிராணியும் சேர்ந்து நாறுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "என்னங்க குழந்தைவேலு, எங்கிருந்து வருது இது?" என்று கேட்டார்.

"அந்தக் குடியிருப்புப் பக்கமிருந்துதாங்க. அந்தச் சனங்க இருக்கற எடம் வேற எப்படி இருக்கும்?" என்றேன். உண்மைதானே? அந்தப் பக்கமிருந்துதானே வந்தது?

அந்த நாற்றத்துக்குள்தான் என் மகள் வந்து நின்றாள். நான் நடக்கிறபோது கூடவே பூங்காவுக்கு வருவாள். நான் நாலு சுற்று நடப்பதற்குள் அவள் அந்த ஓட்டை வழியாகக் குடியிருப்புக்குப் போய், பவித்ராவோடு விளையாடிவிட்டுத் திரும்பி வந்துவிடுவாளாம். எனக்குத் தெரியாது. ரெண்டு பேரும் ஒரே வகுப்பு. கவுன்சிலர் பிள்ளை நகராட்சிப் பள்ளியில் சேர்ந்தாள் என்று பேப்பரில் போட்டோ வந்தால் நன்றாக இருக்கும் என்று நான்தான் அங்கே சேர்த்தேன். போட்டோ வந்தது. அதோடு மெட்ரிகுலேஷனுக்கு மாற்றியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்.

முழங்கால் வரைக்கும் சாக்கடைச் சேறு. கால் விரலிடுக்கில் ஏதோ நெளிகிறது. "சனியனே, அந்தப் பக்கம் எதுக்குப் போன? அந்த அழுக்குப் புடிச்ச சனங்களோட ஒனக்கு என்ன பேச்சு?" என்று கத்தினேன்.

அழவில்லை. "அவங்க அழுக்கு இல்லப்பா. இது நம்ம தெருச் சாக்கடைன்னு பவித்ரா அம்மா சொன்னாங்க" என்றாள்.

கோகிலா ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, பிள்ளையின் காலைத் தேய்த்துக் கழுவினாள். கழுவிக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க, அங்க கொட்டச் சொன்னது யாருங்க?"

"நகராட்சி."

"நகராட்சின்னா நம்ம வார்டுக்கு நானுங்களே?"

சோப்பைப் போட்டு இன்னொரு முறை கழுவினாள். வீட்டு வேலை அலுப்பில் ஏதோ பேசுகிறாள் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள், தம்பி. என்ன ஒரு திமிர் பாருங்கள்.

அதே நேரத்தில் புதிதாக ஒரு ஆணையர் வந்து சேர்ந்தது. பெண்பிள்ளை. நேற்றுத்தான் காலேஜ் முடித்த மாதிரி இருக்கும். வந்ததும் வராததுமாக, கூட்டத்துக்குள் கவுன்சிலர்கள் மட்டும்தான் உட்கார வேண்டும், வீட்டுக்காரர்களெல்லாம் வெளியே இருக்க வேண்டும் என்று உத்தரவு. எங்களைப் போல நாலைந்து பேர், செருப்பு விடுகிற இடத்தில் நின்று டீ குடித்தோம். அந்த டீயும் ஆறிப்போன டீ. உள்ளே கோகிலா என்ன பேசினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆவணி பிறந்தது. முகூர்த்தம் குறித்தேன். சேற்றை அள்ளச் சொல்லி மண் போட்டு மூடினேன். ஓட்டையை அடைக்க மேஸ்திரியைத் தேடினால் ஆளையே காணோம், உறவுமுறையில் சாவு என்றார்கள். சரி என்று, சுவரை மறைக்கிற மாதிரி பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்று கட்டினேன். 'வருக வருக' என்று போட்டு, என் படம் பெரிதாக, ஓரத்தில் கோகிலா படம். குடியிருப்புச் சனங்களுக்கும் சொல்லி அனுப்பினேன், குறை வைக்கவில்லை. ராசாமணிதான் கேட்டாள், "புள்ளைகளை அந்த லாரி ரோட்டுல எப்புடிங்கய்யா கூட்டிட்டு வாறது?" என்று. "ஒரு நாளைக்குத்தானே, சமாளிங்க" என்றேன்.

அதற்கப்புறம் என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், விழாவைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது தெற்கே வாசல் வைக்கிறார்கள். ஆமாம், கன்னி மூலையிலேயே! கவுன்சிலர் கேட்டாராம், மன்றம் ஒத்துக்கொண்டதாம். எந்தக் கவுன்சிலர்? என் வீட்டுக்காரிதான். படிப்பகத்திலிருந்து என் நாற்காலிகளைத் தெருவில் எடுத்து வைத்துவிட்டார்கள். காரையும் அவளே எடுத்துக்கொண்டு போகிறாள், டிரைவர் என்னைக் கேட்பதுகூட இல்லை. அதனால்தான் நான் இந்தப் பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தூசி தின்கிறேன். ஈஸ்வரமூர்த்தி கைவிரித்துவிட்டார். கரூரில் இன்னொருத்தர் இருக்கிறாராம், ஏதோ தகடு புதைத்தால் கன்னி மூலை வாசலின் தோஷம் போகும் என்கிறார்கள். குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்று எனக்கு இருக்கிற கவலை வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது, சொல்லுங்கள்? ஈசானிய மூலையில் கட்டிய ரிப்பன் இன்னும் அப்படியே இருக்கிறது. மழையில் சாயம் இறங்கித் தொங்குகிறது. தினமும் காலையில் கதவைத் திறந்தால் அதன் முகத்தில்தான் விழிக்கிறேன்.

சரி, விழாவைச் சொல்கிறேன்.

பந்தல், மைக், மாலை, எல்லாம் ஆகிவிட்டது. ஆணையர் வந்து இறங்கியது. கேட்டுக்குக் குறுக்கே ரோஸ் கலர் ரிப்பன். தன்ஷிகாவுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, தட்டில் கத்தரிக்கோலைக் கொடுத்து நிறுத்தியிருந்தேன். ஆணையர் வெட்டட்டும், பிள்ளை பக்கத்தில் நிற்கட்டும், போட்டோவில் விழட்டும் என்று ஏற்பாடு.

உள்ளே இருந்து கிறீச் கிறீச் என்று ஒரு சத்தம். சீசா.

எல்லோரும் கேட்டுக் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ரிப்பன் இன்னும் வெட்டவில்லை, உள்ளே ஊஞ்சலில் பிள்ளை, சறுக்கில் பிள்ளை, சீசாவின் ரெண்டு பக்கமும் பிள்ளை. அந்தக் கோடியில் என் ஃப்ளெக்ஸ். ஓட்டைக்கு நேராகக் கிழித்துவிட்டிருக்கிறார்கள், தம்பி. கிழிசல் என் படத்தின் வாய்க்கு நேராக வந்திருக்கிறது. பிள்ளை பிள்ளையாக என் வாய்க்குள்ளிருந்து வருகிறது! ஒன்று வெளியே வந்து பாவாடையைத் தட்டிக்கொள்கிறது, அதன் பின்னாலேயே இன்னொன்று தலையை நீட்டுகிறது. பந்தலில் எவனோ சிரித்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கூட.

"இவங்கெல்லாம் எப்படி உள்ள வந்தாங்க?" என்று ஆணையர் கேட்டது.

விளக்குமாற்றோடு ஓரமாக நின்ற ராசாமணிதான் சொன்னாள். "வழி இருக்குதுங்கம்மா. வாசல்தான் இல்லீங்க."

விடுகதைக்கு விடை கிடைத்துவிட்டதா, தம்பி? அன்றைக்குத்தான் அது பிறந்திருக்க வேண்டும்.

ஆணையர் என்னைப் பார்க்கவில்லை. கோகிலாவைப் பார்த்தது. கோகிலா தரையைப் பார்த்தாள். பிறகு ஆணையர் குனிந்து என் மகளிடம் சொன்னது, "நான் வெட்டல. பூங்கா உங்களுக்குத்தானே, நீயே வெட்டு கண்ணு. வெட்டிட்டு நீதான் மொதல்ல உள்ள போகணும்" என்று. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என் மகள் வெட்டி, என் மகள் முதலில் உள்ளே போனால், மற்றதெல்லாம் மறைந்துவிடும் இல்லையா? போட்டோகிராபரும் கேமராவைத் தூக்கிவிட்டான்.

அவள் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். கேட்டுக் கம்பி வழியாக உள்ளே பார்த்தாள். பவித்ரா ஒரு காலி ஊஞ்சலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், ஏறவில்லை. இன்னொரு கையை ஆட்டினாள்.

"அப்பா, பவித்ராவும் இனிமே இந்தக் கேட்டுல வரலாமாப்பா? லாரி ரோட்டுல அவங்க அம்மா விட மாட்டாங்களே."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சாமி. மொதல்ல வெட்டு. போட்டோ எடுக்கறாங்க."

"ஓட்டைய அடைச்சுருவீங்களாப்பா?"

"வெட்டு சாமி."

கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தாள். போய்க் கோகிலாவின் கையைப் பிடித்தாள். ரெண்டு பேரும் பந்தலை விட்டு இறங்கி, தாராபுரம் ரோட்டு ஓரமாக நடந்து, குடியிருப்பைச் சுற்றிக்கொண்டு போய், அந்த ஓட்டை வழியாக உள்ளே வந்தார்கள். பவித்ரா ஊஞ்சலில் ஏறினாள். என் மகள் பின்னால் நின்று ஆட்டிவிட்டாள்.